காசு வைத்தால் குனியும் பூநாரை: அட்டையிலும் கம்பியிலும் இயங்கும் உண்டியல் செய்வது எப்படி?

அலகில் ஒரு காசை வைத்தால் பூநாரை மெல்லத் தலை குனிந்து காசை உண்டியலுக்குள் போடும். போட்டுவிட்டுத் தானாக நிமிர்ந்துகொள்ளும். பேட்டரியோ மோட்டாரோ கிடையாது. அட்டை, கம்பி, வாலில் கொஞ்சம் எடை, அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊரில், கடலுக்குப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுதும் போயிற்று. ஏப்ரல் 15-இல் தொடங்கினேன், ஜூன் 14 வரை 61 நாள். மூன்று பறவைகள் வீணாயின. நான்காவதுதான் ஒழுங்காகக் குனிந்து நிமிர்ந்தது. வீணான மூன்றிலும் நான் செய்த பொதுத் தவறு ஒன்று: முதலில் அழகாக வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசிவிட்டு, எடையைக் கடைசியில் பார்த்தேன். எடைதான் முதலில். அது சரியாகிவிட்டால் மீதியெல்லாம் கைவேலை. கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்தால் மூன்று சாயங்கால வேலையும் காயவைக்க இரண்டு நாளும் போதும்.

ஏன் பூநாரை என்றால், அது இரை தேடும் விதமே குனிந்து நிமிர்வதுதான். தனுஷ்கோடி பக்கம் குளிர்காலத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கொக்கு பிடித்தால் கொக்கு செய்யுங்கள், கணக்கு மாறாது.

1. அட்டையைத் தொடும் முன் காசைப் பாருங்கள்

இந்தப் பொறியை இயக்குவது காசின் எடை. எனவே எந்தக் காசு எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொண்டுதான் வரையவே உட்கார வேண்டும். 2019-இல் வந்த வரிசை நாணயங்களின் அளவு இது:

1 ரூபாய்: 3.09 கிராம், விட்டம் 20 மி.மீ.
2 ரூபாய்: 4.07 கிராம், 23 மி.மீ.
5 ரூபாய்: 6.74 கிராம், 25 மி.மீ.
10 ரூபாய்: 7.74 கிராம், 27 மி.மீ.
20 ரூபாய்: 8.54 கிராம், 27 மி.மீ., பன்னிரண்டு பக்கம்.

பழைய வரிசைகளும் கையில் புழங்கும். 2011 வரிசையின் 1 ரூபாய் 3.79 கிராம், 5 ரூபாய் 6 கிராம். இவற்றில் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள். ஒன்று 3.09: மிக லேசான காசு. அதற்கே பறவை குனிய வேண்டும். மற்றொன்று 27: மிக அகலமான காசு. அது தட்டில் சிக்காமல் வழுக்க வேண்டும்.

நான் முதல் பறவையைப் பழைய 5 ரூபாய்க் காசை வைத்தே பரிசோதித்தேன். அருமையாகக் குனிந்தது. மகள் ஓடி வந்து புதிய 1 ரூபாயை வைத்தாள். பறவை அசையவே இல்லை. பிள்ளைகள் கையில் அதிகம் புழங்குவது அந்த ஒரு ரூபாய்தான்.

10 ரூபாய் நாணயத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள். சில கடைகளில் அதை வாங்கத் தயங்குவதால் வீட்டில் சேர்ந்துகிடக்கும். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. தைரியமாக உண்டியலில் போடலாம்.

2. பொருள்களும் செலவும்

அட்டை: கல்யாணப் பத்திரிகை அட்டை அல்லது 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை. பத்திரிகை அட்டை வீட்டிலேயே கிடக்கும், செலவில்லை. புதிதாக வாங்கினால் இரண்டு பெரிய தாள் 40 ரூபாய்க்குள் முடிந்தது. நெளிவட்டை, அதாவது பார்சல் பெட்டி அட்டை, பறவைக்கு வேண்டாம். ஓரம் நசுங்கிவிடும். பெட்டியின் அடிப்பாகத்துக்கு மட்டும் உதவும்.

கம்பி: இதில்தான் கடற்கரைக்காரர்கள் ஏமாறுகிறோம். கட்டடத்துக்குக் கட்டுகிற கட்டுக்கம்பி மலிவு, கைக்கு வளையும். ஆனால் உப்புக் காற்றில் இரண்டு வாரத்தில் துரு பிடித்துவிட்டது. என் இரண்டாவது பறவையில் அச்சு, அதாவது பறவையைக் காலோடு மாட்டும் குறுக்குக் கம்பி, நுழைந்த ஓட்டையைச் சுற்றி செம்மண் நிறத்தில் ஒரு வளையம். அட்டை அந்த இடத்தில் தொட்டால் உதிர்ந்தது, பறவை நகரவில்லை. பிறகு கம்பி வாங்கப் போனபோது ஹார்டுவேர் கடை அண்ணன் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "கடல் பக்கம் வைக்கிறதா? அப்ப எஸ்.எஸ். கம்பி வாங்கிக்கங்க." எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காத எஃகு. அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அச்சுக்கு 18 கேஜ் எஸ்.எஸ். கம்பி, அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. கனம். அரை மீட்டர் இருந்தால் தாராளம். எனக்கு 30 ரூபாய் ஆனது. நிறுத்திக்கு, அதாவது பறவை அளவுக்கு மேல் சாயாமல் தடுக்கும் கம்பிக்கு, வீட்டு ஒயரிங்கில் மிச்சமான செம்புக் கம்பி போதும். அது மெத்தென்று வளையும், துருவும் பிடிக்காது.

எடை: 6 எம்.எம். போல்ட்டுக்குப் போடும் வாசர் பத்து. ஒன்று ஏறக்குறைய 1 கிராம். வலையில் கோக்கும் ஈயக்குண்டை எடுத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் கை நீட்டினால் கிடைப்பது அதுதான், நானும் முதலில் அதைத்தான் ஒட்டினேன். ஈயம் உடம்புக்கு நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். தொட்டு விளையாடுகிற பொருளில் ஈயம் கூடவே கூடாது.

தீர்ந்துபோன பால்பேனா ரீபிள் ஒன்று, வெள்ளைப் பசை (ஃபெவிகால் போன்றது) சின்ன டப்பா, கிராஃப் தாள், மெழுகுவர்த்தி, உப்புத்தாள், பேப்பர் கட்டர், ஸ்கேல், மூக்குக் குறடு, பழைய ரப்பர் செருப்பு ஒன்று, மேலே பூச வார்னிஷ். கருவிகள் வீட்டில் இருந்தால் மொத்தம் 200 ரூபாயைத் தாண்டாது. எனக்கு மூன்று பறவை வீணானதோடு சேர்த்து 520 ஆனது.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. அட்டையும் பசையும் ஊரிலேயே கிடைத்துவிடும். எஸ்.எஸ். கம்பிக்கு மட்டும் நான் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போக வேண்டியிருந்தது. வேறு வேலையாகப் போகும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனியாகப் போனால் பஸ் செலவு கம்பி விலையை விட அதிகம்.

3. வரைபடத்தை கிராஃப் தாளில் போடுங்கள்

நேராக அட்டையில் வரையாதீர்கள். கிராஃப் தாளில் ஒரு முறை சரியாக வரைந்துவிட்டால், கெட்டுப்போனாலும் அதே தாளை வைத்து மறுபடி வெட்டலாம். முடிந்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாள் பசை பட்டுக் கிழிவது உறுதி.

பறவை வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வரையுங்கள். உடம்பின் நடுவில் அச்சுப் புள்ளி ஒன்றைக் குறியுங்கள். எல்லா அளவும் அந்தப் புள்ளியிலிருந்துதான்.

அச்சிலிருந்து காசுத் தட்டின் (அலகில் காசு வைக்கும் இடம்) நடு வரை: 7 செ.மீ. தட்டின் முன் விளிம்பு வரை: 8.5 செ.மீ. தட்டு அச்சின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். கழுத்து மேலே எழும்பி வளைந்து கீழே இறங்கி அலகில் முடியட்டும். ஆனால் கழுத்தின் உச்சி அச்சுக்கு மேலே 6 செ.மீ.க்கு மிஞ்சக் கூடாது.

வால், அச்சிலிருந்து பின்னால் 4 செ.மீ. அது கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். கடிகாரத்தில் எட்டு மணிக்குச் சின்ன முள் எங்கே நிற்குமோ, அந்தத் திசையில். இந்த எட்டு மணி முக்கியம், ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

பெட்டி: நீளம் 16, அகலம் 8, உயரம் 10 செ.மீ. மேல் தட்டில் பின்விளிம்பிலிருந்து 4.5 செ.மீ. தள்ளிப் பறவையின் கால்கள். காலின் உயரம், அச்சுத் துளை வரை, 5.5 செ.மீ. காசு விழும் வாய், அச்சுக்கு நேர்கீழிருந்து முன்னால் 7 செ.மீ. தள்ளித் தொடங்கி 3.5 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். வாய்க்கு முன்னால் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு. அதை அலை மாதிரி வெட்டிவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், 20 ரூபாய்க் காசு துள்ளி வெளியே போகாமலும் தடுக்கும்.

4. அட்டை எந்தப் பக்கம் மடியும் என்று பாருங்கள்

எல்லா அட்டையிலும் நார் ஒரே திசையில் ஓடும். நாரின் போக்கிலேயே மடித்தால் கோடு போட்டதுபோல் மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தெரிந்துகொள்ளச் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டி ஒரு பக்கத்தில் தண்ணீர் தடவுங்கள். குழாய் போலச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீளமாகக் கிடக்கிறதோ, அதுதான் நாரின் திசை.

பறவைக்கு ஒரே அட்டை போதாது. மூன்று தாள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட வேண்டும். மூன்றிலும் நார் அலகிலிருந்து வால் வரை ஓடட்டும். நடுத் தாளில் வால் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தப் பொந்தில்தான் வாசர்கள் உட்காரும். வெளித் தாள் ஒன்றை வால் பக்கம் ஒட்டாமல் திறந்தே வையுங்கள். உடம்பையும் கழுத்தையும் மட்டும் ஒட்டிக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும்.

5. பெட்டி

பெட்டி செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இரண்டு எச்சரிக்கை மட்டும். அடிப்பாகத்தை இரட்டையாகப் போடுங்கள். 200 புதிய 5 ரூபாய்க் காசு 1 கிலோ 350 கிராம் வரும். ஒற்றை அட்டை தாங்காது, தூக்கும்போது கீழே கொட்டும். இரண்டாவது, காசை எடுக்கும் கதவைப் பக்கவாட்டில் வையுங்கள். அடியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் பறவையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், அச்சு வளைந்துபோகும்.

6. அச்சும் காலும்

சுருளிலிருந்து வெட்டிய கம்பி எப்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கும். வளைந்த அச்சில் பறவை ஓரிடத்தில் சிக்கும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைக் குறடால் பிடித்து இறுக்கி இழுத்தபடியே இரண்டு மூன்று முறை முறுக்குங்கள். கம்பி நேராகிவிடும். தரை டைல்ஸில் உருட்டிப் பாருங்கள். தடதடவென்று குதிக்காமல் வழுக்கி ஓடினால் சரி. 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி முனைகளை உப்புத்தாளில் தேயுங்கள்.

ரீபிளில் மை இல்லாத பகுதியாகப் பார்த்து 10 மி.மீ. துண்டு வெட்டுங்கள். கட்டரை அசைக்காமல் வைத்து, ரீபிளைத் தரையில் உருட்டி உருட்டி வெட்டினால் முனை சமமாக வரும். உள்ளே ஒட்டியிருக்கும் மையை ஸ்பிரிட் தொட்ட நூலை விட்டு இழுத்துத் துடைத்துவிடுங்கள். மை மிச்சமிருந்தால் பிசின் மாதிரிப் பிடிக்கும். கம்பியை நுழைத்துப் பாருங்கள், தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும்.

பறவையின் அச்சுப் புள்ளியில் துளையிட்டு இந்த ரீபிள் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி பசையிட்டு நிறுத்துங்கள். பறவைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வெறும் அட்டைத் துளையில் கம்பியை விட்டால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் துளை அகன்று பறவை பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும்.

கால்கள் இரண்டையும் உள்ளுக்குள் 14 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரே குத்தில் துளை போட்டுவிட்டுப் பிறகு பிரித்து ஒட்டினால், அச்சு சாயாது.

எண்ணெய் விடாதீர்கள். நான் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு எண்ணெய் அட்டைக்குள் ஊறி, தூசியும் சேர்ந்து, பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. வழுக்கல் வேண்டுமென்றால் பென்சில் கரியை உப்புத்தாளில் தேய்த்து, அந்தத் தூளைக் கம்பியில் பூசுங்கள்.

7. எடை பார்ப்பது: இங்கே அவசரம் வேண்டாம்

புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மேலே போகும்போது எதிர் எடைகள் கீழே இறங்கும். பாலத்தின் கனத்தில் பெரும்பகுதியை அந்த எடைகள் ஏற்றுக்கொள்வதால், மோட்டார் மிச்சத்தை மட்டும் தூக்கினால் போதும். நம் பூநாரையும் அதே கணக்கில்தான் நிற்கிறது. கழுத்தின் கனத்தை வால் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டு, இன்னும் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் இந்த உண்டியலின் உயிர்.

லேசான காசு 3.09 கிராம், அச்சிலிருந்து 7 செ.மீ. தள்ளி உட்காருகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 21.6. வால் பக்கக் கூடுதல் இதற்குப் பாதி இருந்தால் போதும். பாதிக்கு மேல் போனால் ஒரு ரூபாய்க்குக் குனியாது. மிகவும் குறைந்தால், காசு விழுந்த பிறகு நிமிராது.

இதை அளக்கத் தராசு வேண்டாம், காசே போதும். இதைக் கண்டுபிடித்த அன்றுதான் என் வேலை திரும்பியது. செய்யும் விதம் இதுதான். காசுத் தட்டையும் நிறுத்திகளையும் (இரண்டின் விவரமும் எட்டாவது படியில்) அமைத்து முடித்து, பறவையை அச்சில் மாட்டுங்கள். வால் பொந்தில் வாசர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, செல்லோ டேப்பால் மூடுங்கள். தட்டில் எதுவும் வைக்காதீர்கள். அச்சிலிருந்து சரியாக 3.5 செ.மீ. முன்னால், அச்சின் மட்டத்தில், பறவையின் உடம்பில் ஒரு புள்ளி குறியுங்கள். புதிய 1 ரூபாய்க் காசின் நடு அந்தப் புள்ளியில் வருமாறு டேப்பால் ஒட்டுங்கள். இப்போது பறவை தயங்கித் தயங்கி, மெதுவாகக் குனிய வேண்டும்.

சடாரென்று விழுந்தால் ஒரு வாசர் சேருங்கள். அசையாமல் நின்றால் ஒன்றை எடுங்கள். ஒரு வாசருக்கும் அடுத்த வாசருக்கும் நடுவில் சரியான இடம் இருந்தால், வாசரை வாலுக்குள் முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். எனக்கு 7 வாசரில் சரியானது. உங்கள் அட்டையின் கனத்தைப் பொறுத்து 6 முதல் 10 வரை ஆகலாம். தயக்கம் வந்துவிட்டால் காசைப் பிரித்தெடுத்து, முழு நீளத்தில் தட்டில் வையுங்கள். இப்போது அதே காசுக்கு இரண்டு மடங்கு பலம். தாராளமாகக் குனியும்.

இனி எட்டு மணி விஷயம். என் மூன்றாவது பறவைக்கு வாலை அழகுக்காக மேல்நோக்கித் தூக்கி, பத்து மணித் திசையில் வரைந்திருந்தேன். காசு வைத்ததும் குனிந்தது, காசு விழுந்தது, அதோடு தலை குனிந்தபடியே நின்றுவிட்டது. எடையைக் கூட்டினால் குனியவே மாட்டேன் என்றது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் இதுதான்: வால் எடை அச்சுக்கு மேலே இருந்தால், பறவை குனியக் குனிய அந்த எடை அச்சின் உச்சியை நோக்கி நகர்ந்து, இழுக்கும் பலத்தை இழந்துவிடும். நிமிர்த்த ஆள் இல்லாமல் போகும். எடை அச்சுக்குக் கீழே, எட்டு மணியில் இருந்தால், குனியும்போது அது ஒன்பது மணியை நோக்கி ஏறும், பலம் கூடும். காசு விழுந்ததும் பறவையைப் பின்னுக்கு இழுத்துவிடும். அதற்காக ஏழு மணிக்கும் கீழே இறக்கிவிடாதீர்கள். அப்போது பலம் வேகமாகக் கூடி, ஒரு ரூபாய்க் காசு பாதி வழியிலேயே நின்றுவிடும். கழுத்தை 6 செ.மீ.க்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

எல்லாக் காசையும் பத்துப் பத்து முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாலை ஒட்டுங்கள்.

8. காசு வழுக்கவும், பறவை நிற்கவும்

காசுத் தட்டின் அகலம் உள்ளளவில் 29 மி.மீ. இரண்டு பக்கமும் 4 மி.மீ. உயரச் சுவர், முன்பக்கம் திறப்பு. தட்டின் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, விரலால் பளபளவென்று மினுக்குங்கள். மெழுகு இல்லாத அட்டை கடற்காற்றில் ஈரம் குடித்துச் சொரசொரப்பாகிவிடும், காசு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நிறுத்தி இரண்டு வேண்டும். பின்னால், வாலுக்கு அடியில் செம்புக் கம்பியை வளைத்து ஒன்று. பறவை ஓய்வில் இருக்கும்போது தட்டு பின்பக்கம் மயிரிழை சரிந்திருக்கும்படி அதை வளையுங்கள். நேராகவோ முன்சரிவாகவோ இருந்தால், வைக்கும்போதே காசு வழுக்கி விழுந்துவிடும். முன்னால், கழுத்துக்கு அடியில் இன்னொன்று. பறவை 30 பாகை அளவு குனிந்ததும் தடுக்க வேண்டும். இந்த இடத்தில் ரப்பர் செருப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒட்டுங்கள். 20 ரூபாய்க் காசு வைத்தால் ஒரு ரூபாயை விட மிக வேகமாக வந்து இடிக்கும். ரப்பர் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கழுத்து மடிந்துபோகும்.

எல்லாக் கம்பி முனையையும் வளைத்து வளையமாக்கிவிடுங்கள். குழந்தை முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கும்.

சரியாக அமைந்த பறவைக்கு ஒரு தாளம் உண்டு. காசு தட்டில் அமர்கிறது. அரை நொடி எதுவும் நடக்காது. பிறகு கழுத்து இறங்குகிறது, காசு மெழுகில் சர்ரென்று வழுக்குகிறது, உள்ளே விழுந்து மற்ற காசுகள்மேல் கலகலக்கிறது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தலை மேலே வந்துவிடும். அந்த அரை நொடித் தயக்கம் கேட்டால் உங்கள் எடை சரி.

9. வண்ணமும் உப்புக் காற்றும்

வண்ணத்துக்கும் எடை உண்டு. பூநாரையின் இளஞ்சிவப்பைக் கழுத்தில் மூன்று பூச்சு ஏற்றினால் தலை கனத்துவிடும். ஒரே பூச்சு, மெல்லியதாக. கலர் பென்சில் போதுமென்றால் இன்னும் நல்லது. மேலே வார்னிஷை நீர்க்கக் கலந்து இரண்டு கை, முன்னும் பின்னும் ஒரே நாளில். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் ஏறி வளையும். ரீபிள் துளையை ஒரு குச்சியால் அடைத்துவிட்டுப் பூசுங்கள். தட்டின் உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம், அங்கே மெழுகுதான். நன்றாகக் காய்ந்த பிறகு ஏழாவது படியின் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். எனக்கு ஒரு வாசர் கூட்ட வேண்டியிருந்தது.

10. எந்த மாதம் செய்வது?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். நம் மாவட்டத்துக்கு மழையே அப்போதுதான். பசை இரண்டு நாளானாலும் இறுகாது, அட்டை தொய்யும். தை முதல் புரட்டாசி வரை எப்போதும் செய்யலாம். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது எடை பார்க்காதீர்கள். ஜன்னலைச் சாத்தாமல் நான் பரிசோதித்த ஒரு நாள், காசே வைக்காமல் பறவை தலையாட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி இரண்டு வாசர் கூட்டினேன், மறுநாள் காற்று நின்றதும் பறவை கல்லாகிவிட்டது. ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

வைக்கும் இடமும் அப்படித்தான். ஜன்னலை விட்டுத் தள்ளி, அடுப்படியை விட்டுத் தள்ளி. மாதம் ஒரு முறை தட்டில் மெழுகு தேயுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரம். காசை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

11. நிறைந்த பிறகு

உண்டியல் நிறைந்தால் காசை எங்கே கொண்டுபோவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். நான் யோசிக்கவில்லை. ஒரு வங்கிக் கிளைக்கு மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போனேன். கூட்டமாக இருக்கிறது, சில்லறை எண்ண ஆளில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாணயங்களை வங்கிகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கணக்கில் போடுவதற்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. கடையில் கொடுக்கும்போதுதான் வரம்பு: 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, 1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரே நேரத்தில் 1000 ரூபாய் வரைக்கும் செல்லும். அதற்கு மேல் நாணயமாக வாங்கக் கடைக்காரருக்குக் கட்டாயமில்லை.

அடுத்த முறை ரகம் பிரித்து, நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தொகையை எழுதிக்கொண்டு போனேன். நூறு காசுப் பைகளாக வாங்குவது இருவருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே சொல்கிறது. மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்து, காலையில் கதவு திறந்ததும் போனேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்குவதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோரின் ஆதார், பான், முகவரிச் சான்று, இருவரின் புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நகல்களோடு அசலும் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள், திருத்தி வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போதும். 5 ரூபாய்க் காசாகச் சேர்த்தால், பூநாரை ஐம்பது முறை குனிந்தால் அந்த ஆண்டுக்கானது சேர்ந்துவிடும்.